மூணு அரியர்... அப்பாகிட்ட எப்படிச் சொல்றது?

பிப்ரவரி, மார்ச் வாக்கில் ஒரு ராத்திரி, தமிழ்நாட்டு இன்ஜினீயரிங் கல்லூரி விடுதிகளில் முதலாண்டு மாணவர்கள் தூங்குவதில்லை. ‘ரிசல்ட் விட்டுட்டாங்களாம்’ என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்ததும் ஆளாளுக்குப் போனை எடுத்துக்கொண்டு பல்கலைக்கழக இணையதளத்தைத் திறக்கிறார்கள். அது லேசில் திறக்காது. திரும்பத் திரும்பத் தட்டி, பதிவெண்ணையும் பிறந்த தேதியையும் போட்டு, ஒருவழியாகப் பக்கம் வந்ததும் கண்கள் தேடுவது ஓர் எழுத்தைத்தான். பாடத்துக்கு நேரே ‘யூ’ என்றிருந்தால் அரியர். பாஸ் மார்க் 50 வரவில்லை, மறுபடி எழுத வேண்டும் என்று பொருள்.

அந்த நிமிடத்தில் அரியர் விழுந்த பிள்ளை, ‘இந்தப் பேப்பரை எப்படி கிளியர் பண்றது?’ என்று யோசிப்பதில்லை. அதன் மனசில் ஓடுவது, ‘அப்பாகிட்ட எப்படிச் சொல்றது?’

இந்தக் கேள்விக்கு விடை வீட்டில் இருக்கிறது. முதல் செமஸ்டரில் மூன்று அரியர் வைத்த ஒருவன் கடைசி வருடத்தில் ‘ஆல் கிளியர்’ என்று நிற்பானா, பதினைந்து பேப்பரைச் சுமந்துகொண்டு நிற்பானா என்பதை அவன் மூளை மட்டும் தீர்மானிப்பதில்லை. முதல் தடவை உண்மையைச் சொன்னபோது வீட்டில் அவனுக்கு என்ன கிடைத்தது என்பதும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. பாடம் புரியாமல் ஒரு அரியர் விழுகிறது. அதை மறைப்பதால் பத்து சேர்கிறது.

நல்லாத்தானே படிச்சான்?

பெற்றோருக்கு விளங்காத இடம் இதுதான். சில மாதங்களுக்கு முன்பு 600-க்கு 540 வாங்கிய பிள்ளை. பள்ளிக்கூடம் வாசலில் ஃபிளெக்ஸ் வைத்தது. சொந்தக்காரர்கள் வீடு தேடி வந்து சால்வை போட்டார்கள். கவுன்சலிங்கில் கேட்ட காலேஜ் கிடைத்தது. அதே பிள்ளை கணக்கில் பெயில் என்றால் அப்பாவுக்குத் தோன்றும் காரணம் ஒன்றுதான்: ‘காலேஜ் போய்க் கெட்டுப் போயிட்டான்.’ செல்போன், சேர்க்கை, ஹாஸ்டல் சுதந்திரம் என்று குற்றப்பத்திரிகை தயாராகிவிடும். இவற்றுக்குப் பங்கே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் இரண்டு கேள்வித்தாள்களை எடுத்துப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது.

பிளஸ் டூ கணக்குத் தேர்வு 90 மதிப்பெண்ணுக்கு. அதில் ஒரு மார்க் கேள்விகள் மட்டும் இருபது. மிச்சம் இரண்டு மார்க், மூன்று மார்க், ஐந்து மார்க் என்று ஏழு ஏழாக. ஆகப் பெரிய கேள்வியே ஐந்து மார்க்தான். புக் பேக் கணக்குகளைக் கரைத்துக் குடித்து, பழைய கேள்வித்தாள்களைப் பத்துத் தடவை எழுதிப் பார்த்த பிள்ளைக்கு எண்பதைத் தாண்டுவது பெரிய காரியமில்லை.

அண்ணா பல்கலைக்கழகம் 2021-ல் கொண்டுவந்த பாடத்திட்டத்தில் முதல் செமஸ்டர் கணக்கு, ‘மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்’. அதன் தேர்வில் ஒரு மார்க் கேள்வியே கிடையாது. இரண்டு மார்க் கேள்விகள் பத்து. அப்புறம் பதினாறு மார்க் கேள்விகள் ஐந்து, யூனிட்டுக்கு ஒன்று. நூற்றுக்கு எண்பது மார்க் ஐந்தே கேள்விகளில் அடங்கிவிட்டது. ‘ஐகன் வேல்யூ’ கண்டுபிடிக்கிற சமன்பாட்டில் ஒரு குறி தப்பினால் அடுத்த இரண்டு பக்கமும் அதன் பின்னாலேயே தப்பாகப் போகும். ‘இந்த ரெண்டு யூனிட்டை விட்டுடு மச்சி, மூணு போதும்’ என்று சீனியர் சொன்னதைக் கேட்டவன், தேர்வறைக்குப் போகும் முன்பே நாற்பது மார்க்கை விட்டுவிட்டுப் போகிறான். இயற்பியல், வேதியியல் தாள்களிலும் இதே நிலைமைதான். பள்ளியில் கைகொடுத்த உத்தி இங்கே கைகொடுக்காது என்பதைப் பிள்ளைக்கு ஒருவரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ரிசல்ட்தான் சொல்கிறது.

இன்னொரு காரணம் பழையது. பல தனியார் பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தை ஒப்புக்கு நடத்திவிட்டு, இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைப்பது ஊரறிந்த விஷயம். அதைத் தடுக்கத்தான் 2017-18 கல்வியாண்டில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. மறுவருடமே, கல்லூரிச் சேர்க்கைக்கு அந்த மார்க் தேவையில்லை என்று ஆனது. 2025-ல் அந்தப் பொதுத்தேர்வே ரத்தானது. பிள்ளைகள் மேலிருக்கும் பாரம் குறைய வேண்டும் என்ற நோக்கம் நல்லதுதான். ஆனால் மேட்ரிக்ஸ், வெக்டார், லிமிட், டிஃபரன்சியேஷன், இன்டகிரேஷன் எல்லாவற்றுக்கும் அடித்தளம் நமது பதினோராம் வகுப்புப் புத்தகத்தில்தான் இருக்கிறது. அதைப் படிக்காமல் தாண்டிவந்தவனின் கணக்குப் பாக்கி முதல் செமஸ்டரில் வசூலாகிறது. 540 மார்க் பொய்யில்லை. அது காட்டாமல் விட்ட இடமும் ஒன்று இருந்தது.

மொழியையும் சொல்ல வேண்டும். தமிழ் வழியில் படித்து வந்தவருக்கு இன்டகிரேஷன் தெரியாமல் இல்லை. ஆங்கிலத்தில் வேகமாக நடத்தும் வகுப்பில், தனக்குத் தெரிந்த அதே விஷயம்தான் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பிடிபடவே இரண்டு மாதமாகிறது. 2021 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இன்ஜினீயரிங் உள்ளிட்ட தொழிற்கல்விக்கும் கிடைத்தபிறகு, இதுவரை அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத குடும்பங்களிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். கொண்டாட வேண்டிய வருகை. சீட்டு கொடுத்ததோடு பொறுப்பு தீர்ந்தது என்று கல்லூரிகள் நினைக்கும்போதுதான் சிக்கல். புதிய மாணவர்களுக்கு மூன்று வார அறிமுகப் பயிற்சி தர வேண்டும் என்பது தொழில்நுட்பக் கல்வியை மேற்பார்க்கும் ஏஐசிடிஇ சொன்ன ஏற்பாடு. பல இடங்களில் அது முதல் நாள் விழா, இரண்டாம் நாள் விருந்தினர் உரை என்று முடிந்துவிடுகிறது.

கலை அறிவியல் கல்லூரிகளிலும் இதே கதை நடக்கிறது. அங்கே பாஸ் மார்க் 40தான். ஆனாலும் மேஜர் பாடத்தில் நன்றாக மார்க் எடுத்துவிட்டு, பார்ட் டூ ஆங்கிலத்தில் மட்டும் விழும் பிள்ளைகள் ஏராளம்.

கடைசியாக, காலை ஐந்து மணிக்கு எழுப்பி, ராத்திரி பத்து மணி வரை உட்காரவைத்து, வாரந்தோறும் டெஸ்ட் வைத்துத் திருத்திக் கொடுத்த உண்டு உறைவிடப் பள்ளிகள். நாமக்கல், ராசிபுரம் பக்கம் இருக்கும் அந்தப் பள்ளிகளைத் தேடித் தேடிக் காசு கட்டியவர்கள் நாம்தான். அங்கே பிள்ளை படித்தது. தன் நேரத்தைத் தானே பிரித்துக்கொள்ளப் பழகவில்லை. கல்லூரியில் எழுப்ப ஆளில்லை. பதினெட்டு வயதுவரை நாம் கற்றுக்கொடுக்காத ஒன்றை நான்கு மாதத்தில் தானே கற்றுக்கொள்ளாததற்காகப் பிள்ளையைத் திட்டுவதில் நியாயமில்லை.

போனில் வரும் முதல் வார்த்தை

“ரிசல்ட் வந்துருச்சாமே... என்னாச்சு?”

“...”

“கேக்குறேன்ல? சொல்லு.”

“மூணு போயிருச்சுப்பா.”

இதற்குப் பிறகு வரும் வசனங்கள் பெரும்பாலான வீடுகளில் ஒன்றுபோலவே இருக்கின்றன. ‘உனக்காக நகையை அடகு வச்சுட்டு நிக்கிறேன்.’ ‘பெரியப்பா பையனைப் பாரு.’ ‘படிச்சுக் கிழிச்சது போதும், கெளம்பி வா. நாலு மாடு வாங்கித் தரேன்.’ அம்மா போனை வாங்கி அழுவார். அந்த அழுகை, அப்பாவின் கத்தலைவிட ஆழமாக இறங்கும். ஞாயிற்றுக்கிழமை பிள்ளை வீட்டுக்கு வந்தால் யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். கல்யாண வீட்டில் எந்தச் சித்தப்பாவாவது ‘எல்லாம் கிளியரா?’ என்று கேட்டுவிடுவாரோ என்று குடும்பமே பயப்படும்.

இந்தக் கோபத்தைக் கொச்சைப்படுத்த முடியாது. தறி ஓட்டியும், லாரி ஓட்டியும், மளிகைக் கடையில் நின்றும் சேர்த்த பணம் அது. கல்விக் கடனில் மாணவரோடு சேர்ந்து அப்பாவும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். பிள்ளை இன்ஜினீயராகி வந்தால்தான் தங்கைக்கு வழி என்று ஒரு வீடே கணக்குப் போட்டு வைத்திருக்கும். அந்தக் கணக்கு ஆடும்போது அப்பாவுக்கு வருவது பயம்தான். நம் அப்பாக்களுக்குப் பயத்தைக் கோபமாகக் காட்டித்தான் பழக்கம்.

ஆனால் அந்தக் கோபத்தால் என்ன விளைகிறது என்று பாருங்கள். மூன்று அரியருக்கு இவ்வளவு நடந்தால், இரண்டாம் செமஸ்டரில் நான்கு விழும்போது பிள்ளை சொல்லுமா? சொல்லாது. ‘இன்னும் ரிசல்ட் வரலைப்பா’ என்பதில் தொடங்கும். பிறகு ‘ஆல் கிளியர்பா’ என்று ஒரு பொய். அந்தப் பொய்யைக் காப்பாற்ற, பதிவெண் கேட்டால் மாற்றிச் சொல்வது, கல்லூரியிலிருந்து வரும் கடிதத்தை எடுத்து ஒளிப்பது, பெற்றோர் கூட்டத்துக்கு வாடகை மாமாவைக் கூட்டிப்போவது. அரியர் தேர்வுக்குக் கட்டணம் கட்ட வேண்டும். கட்டணம் கேட்டால் விஷயம் தெரிந்துவிடும். அதனால் பதிவே செய்யாமல் விடும் மாணவர்கள் உண்டு. பாஸ் பண்ணியிருக்கக்கூடிய பேப்பர், வீட்டில் கேட்க வாயில்லாததால் அடுத்த செமஸ்டருக்குப் போகிறது. அங்கே புதுப் பேப்பர்களோடு சேர்ந்து மலைக்க வைக்கிறது.

பெண் பிள்ளை என்றால் தண்டனை வேறு. ‘படிச்சது போதும், மாப்பிள்ளை பாக்கச் சொல்லிடலாம்.’ வெறும் மிரட்டலாகத் தொடங்குவது, ஜாதகம் கையில் வந்ததும் நிஜமாகிவிடும். பையனுக்கு அரியர் விழுந்தால் படிப்பில் பின்தங்கல். பெண்ணுக்கு விழுந்தால் படிப்பையே நிறுத்தக் காரணம். அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் கல்லூரியை விட்டுவிடக் கூடாது என்பதற்காகவே 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் தருகிறது அரசு. பெற்ற வீடு இரண்டு பேப்பருக்காகப் பெண்ணைக் கூட்டி வந்துவிடுவது பச்சையான அநியாயம். உங்கள் மகளுக்கு அரியர் விழுந்திருந்தால், கல்யாணப் பேச்சையே எடுக்காதீர்கள். விளையாட்டுக்குக்கூட வேண்டாம்.

நேர் எதிரான வீடுகளும் இருக்கின்றன. ‘இன்ஜினீயரிங்ல அரியர் இல்லாதவன் எவன்? எல்லாம் பாத்துக்கலாம்’ என்று தட்டிக்கொடுத்துவிட்டு மறந்துவிடும் அப்பாக்கள். கேட்க இதமாக இருக்கும். ஆனால் நான்கு வருடப் படிப்பை முடிக்கப் பல்கலைக்கழகம் தரும் காலம் அதிகபட்சம் ஏழு வருடம். வளாகத் தேர்வுக்கு வரும் நிறுவனங்களில் பல, நிலுவையில் அரியர் இருப்பவரை உள்ளேயே விடுவதில்லை. 2021-ல் அண்ணா பல்கலைக்கழகம் பழைய அரியர்களுக்குச் சிறப்பு வாய்ப்பு தந்தபோது, இருபது ஆண்டுகளுக்கு முன்பு படித்தவர்கள் வரை அதில் எழுதலாம் என்று அறிவித்தது. தலையில் நரை விழுந்த பிறகும் முதலாண்டுப் பேப்பருக்காகப் படிக்கும் மனிதர்கள் நம்மிடையே இருக்கிறார்கள் என்பதால்தான் அப்படி ஓர் அறிவிப்பு தேவைப்படுகிறது. சும்மா விட்டால் அரியர் தானாகத் தீராது.

கத்தக் கூடாது, விட்டுவிடவும் கூடாது என்றால் வேறென்னதான் செய்வது?

விடைத்தாளைக் கையில் வாங்குங்கள்

போனில் செய்தி கேட்டதும் நீங்கள் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: ‘சரி. சொன்னியே, அது நல்லது. சாப்பிட்டியா? இந்த வாரம் வீட்டுக்கு வா, உக்காந்து பாப்போம்.’ இதைச் சொல்லக் கஷ்டமாக இருந்தால் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வெளியே ஒரு நடை போய் வாருங்கள். அன்றைக்கு அறிவுரை எதுவும் வேண்டாம். அன்றைக்குச் சொல்லும் எதுவும் காதில் ஏறாது. ஏசியது மட்டும் வருடக்கணக்கில் நினைவிருக்கும்.

பிள்ளை வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, அரியர் விழுந்த ஒவ்வொரு பேப்பரையும் தனித்தனியாகப் பார்ப்பது. மூன்று அரியருக்கும் ஒரே காரணம் இருக்காது. 2021 பாடத்திட்டப்படி இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60 என்று சேர்த்துத்தான் மார்க். இன்டர்னலே குறைவாக இருந்தால் ஆரம்பத்திலிருந்தே பாடம் ஏறவில்லை என்று தெரிகிறது. இன்டர்னல் நன்றாக இருந்து கடைசித் தேர்வில் மட்டும் சறுக்கியிருந்தால், பெரிய கேள்விக்கு விடை எழுதும் பழக்கம் இல்லை, அல்லது தேர்வு நாளில் உடம்பும் மனசும் ஒத்துழைக்கவில்லை. வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போயிருந்தால், வகுப்புக்குப் போகாமல் எங்கே இருந்தான் என்று பொறுமையாக விசாரிக்க வேண்டும். சீனியர்களின் ராகிங்குக்குப் பயந்து வகுப்பைத் தவிர்த்தவனும் இருப்பான். விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் காய்ச்சலில் கிடந்தவனும் இருப்பான்.

விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்கும் வசதி இருக்கிறது. முதலில் நகல், அதைப் பார்த்த பிறகு மறுமதிப்பீடு. ரிசல்ட் வந்த சில நாட்களுக்குள் கல்லூரி வழியாகப் பணம் கட்ட வேண்டும். மார்க் கூடும் என்ற நம்பிக்கைக்காக மட்டும் இதைச் செய்யாதீர்கள். நகல் வந்ததும் அந்தப் பாடத்தின் ஆசிரியரிடம் பிள்ளையே அதை எடுத்துப் போய் உட்கார வேண்டும். எந்த யூனிட்டில் ஒன்றுமே எழுதவில்லை, எந்தக் கணக்கு பாதியில் நின்றது, எங்கே ஃபார்முலா மறந்தது என்று பக்கம் பக்கமாகத் தெரிந்துவிடும். ‘நான் மக்கு’ என்று ஆறு மாதமாக நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு, ‘எனக்கு நாலாவது யூனிட் தெரியலை’ என்று சொல்ல முடிவது பெரிய விடுதலை. மக்கு என்பதற்கு மருந்தில்லை. நாலாவது யூனிட்டைப் படித்துவிடலாம்.

பெற்றோர் கல்லூரிக்குப் போகலாமா? போகலாம். பிள்ளைக்குத் தெரியாமல் போகக் கூடாது. முதலாண்டு மாணவர்களுக்கு ஆலோசகராக ஓர் ஆசிரியர் இருப்பார். அவரைப் பிள்ளையோடு சேர்ந்து பாருங்கள். அங்கே போய், ‘நல்லா ரெண்டு சாத்துங்க சார்’ என்று ஒப்படைத்துவிட்டு வரும் பழைய வழக்கத்தை விட்டுவிடுங்கள். வகுப்பில் எப்படி இருக்கிறான், யாரோடு இருக்கிறான், எந்தப் பாடத்தில் மிரள்கிறான் என்று கேளுங்கள். கல்லூரியில் கோச்சிங் கிளாஸ் உண்டா என்று கேளுங்கள். அந்த ஆசிரியருக்குப் பிள்ளையின் பெயர்கூடத் தெரியவில்லை என்றால், அதுவும் உங்களுக்குத் தேவையான தகவல்தான்.

அரியர் பேப்பரை அடுத்து வரும் தேர்வுப் பருவத்திலேயே எழுதலாம். காலையில் ரெகுலர் பேப்பர், மதியம் அரியர் பேப்பர் என்று ஒரே நாளில் இரண்டும் வருவதுண்டு. அதனால் மூன்றையும் ஒரே மூச்சில் முடித்துவிடு என்று நெருக்குவது சில பிள்ளைகளுக்கு வினையாகிவிடும். புதுப் பேப்பர்களும் சேர்ந்து போகும். வளாகத் தேர்வு சூடுபிடிப்பது கடைசி வருடத்தில். அதுவரை பல பருவங்கள் இருக்கின்றன. எதை முதலில் முடிப்பது என்று பிள்ளையே திட்டம் போடட்டும். என்னைக் கேட்டால் கணக்கை முதலில் எடுக்கச் சொல்வேன். அது நான்கு கிரெடிட் பாடம். பின்னால் வரும் பல பாடங்கள் அதை நம்பியே இருக்கின்றன.

எப்படிப் படிப்பது என்பதில் ஒரு விஷயம். ‘படிச்சப்ப எல்லாம் தெரிஞ்சுதுப்பா, ஹால்ல உக்காந்ததும் மறந்து போச்சு’ என்று பிள்ளை சொன்னால் அதைச் சாக்கு என்று தள்ளாதீர்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக உளவியலாளர்கள் ரோடிகர், கார்பிக் இருவரும் 2006-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரே பாடத்தைச் சிலரைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னார்கள். சிலரை ஒரு தடவை வாசித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்ப வாசித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, பார்க்காமல் எழுதியவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது. நம் பிள்ளைகள் முதல் நாள் ராத்திரி லோக்கல் ஆத்தர் புத்தகத்தை நாலு தடவை புரட்டுகிறார்கள். கண்ணுக்குப் பழகிப்போனதைத் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பள்ளியில் வாராவாரம் டெஸ்ட் வைத்து ஆசிரியர் செய்த வேலையை, இங்கே வெற்றுத் தாளை எடுத்து வைத்துப் பிள்ளை தானே செய்துகொள்ள வேண்டும். இரண்டு மூன்று நண்பர்கள் சேர்ந்து ஒருவருக்கொருவர் கணக்குப் போட்டுக் காட்டினாலே போதும்.

பணத்தைப் பற்றிப் பேசுவதா வேண்டாமா என்று பல அம்மாக்களுக்குக் குழப்பம். பேசுங்கள். பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு வீட்டு வரவு செலவு தெரிய வேண்டும். கடன் எவ்வளவு, எப்போது முதல் கட்ட வேண்டும், நகை எந்தக் கடையில் இருக்கிறது என்று நோட்டை விரித்துக் காட்டுங்கள். ஆனால் அதை ரிசல்ட் வந்த அன்று காட்டாதீர்கள். அன்றைக்கு அது கணக்காகத் தெரியாது, குற்றச்சாட்டாகத்தான் தெரியும்.

இந்தப் படிப்பே வேண்டாம் என்றால்?

சில வீடுகளில் அரியருக்கு அடியில் வேறு விஷயம் இருக்கும். பிள்ளைக்கு வரலாறோ விஷுவல் கம்யூனிகேஷனோ படிக்க ஆசை. வீட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று முடிவானது. கவுன்சலிங் அன்று அப்பா சொன்ன வரிசையில் கல்லூரிகளைத் தட்டியவன் அவன். அவனுக்கு அரியர், சொல்லத் தெரியாமல் சொன்ன பதில்.

ஒரு செமஸ்டர் தோல்வியை மட்டும் வைத்துப் படிப்பை மாற்றுவது அவசரம்தான். முதல் செமஸ்டரில் எந்த இன்ஜினீயரிங் பிரிவும் தன் முகத்தைக் காட்டுவதில்லை. எல்லோருக்கும் அதே கணக்கு, அதே இயற்பியல், அதே பைதான். அதனால் இரண்டாம் செமஸ்டர் வரை பார்க்கலாம். ஆனால் பிள்ளையிடம் ஒரு கேள்வியை நேராகக் கேட்டுவிடுங்கள்: ‘இதுல பாஸ் ஆயிட்டேன்னு வச்சுக்கோ, அப்ப இந்தப் படிப்பு உனக்குப் பிடிக்குமா?’ ஆமாம் என்றால் பிரச்சினை படிக்கும் முறையில் இருக்கிறது. இல்லை என்று உறுதியாகச் சொன்னால், ஒரு வருடம் போனாலும் பரவாயில்லை, கேட்டுக்கொள்ளுங்கள். வேண்டாத படிப்பில் நான்கு வருடமும் நான்கு வருடக் கட்டணமும் போவதோடு ஒப்பிட்டால் ஒரு வருடம் சின்ன இழப்பு. கல்லூரியை விட்டு விலகும் மாணவரின் அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்பது யுஜிசி, ஏஐசிடிஇ இரண்டின் விதி. ‘மிச்ச வருஷத்துக்கும் ஃபீஸ் கட்டினாத்தான் சர்ட்டிஃபிகேட்’ என்று எந்தக் கல்லூரியாவது சொன்னால் எழுத்தில் கேளுங்கள். விதியை எடுத்துக் காட்டுங்கள்.

பயப்பட வேண்டிய மௌனம்

எல்லாப் பிள்ளையும் திட்டினால் திருப்பிப் பேசும் பிள்ளையாக இருப்பதில்லை. சிலர் அமைதியாகிவிடுவார்கள். சாப்பாடு குறையும். பகலெல்லாம் தூக்கம், ராத்திரி விழிப்பு. பிரியமாக வைத்திருந்த பொருளை யாருக்காவது கொடுத்துவிடுவது. ‘நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி’ என்பதுபோல ஒரு வார்த்தை. இவற்றில் எது தெரிந்தாலும் அரியரைப் பற்றிய பேச்சை அன்றே நிறுத்திவிடுங்கள். பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். ‘சாகணும்னு தோணுதாப்பா?’ என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது; மனசைத் திறக்கத்தான் உதவும் என்பது மனநல மருத்துவர்கள் உறுதியாகச் சொல்வது. மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416. தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. தமிழக அரசின் 104 எண்ணும் இருக்கிறது. சென்னையில் 1986-ல் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சினேகா அமைப்பின் எண் 044-24640050.

ஒரு காலத்தில் பிளஸ் டூவில் ஒரு பாடத்தில் பெயிலானால் ஒரு வருடமே போகும். அந்த நிலையை மாற்றி, அடுத்த ஓரிரு மாதத்திலேயே துணைத்தேர்வு எழுதி அதே வருடம் கல்லூரியில் சேரலாம் என்ற ஏற்பாடு வந்தபோது, தேர்வு முடிவுக்குப் பயந்து உயிரைவிடும் நிலையிலிருந்த பிள்ளைகளுக்கு அது ஒரு பிடிமானமானது. தற்கொலைத் தடுப்பில் இருப்பவர்கள் அதைத் தமிழ்நாட்டின் முக்கியமான நடவடிக்கைகளில் ஒன்றாகவே எடுத்துச் சொல்கிறார்கள். அரசால் செய்ய முடிந்த அதே காரியத்தை, அடுத்த வாய்ப்பு இருக்கிறது என்று காட்டுவதை, ஒவ்வொரு வீடும் செய்ய முடியும்.

கல்லூரிகளிடமும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. முதல் இன்டர்னல் தேர்வு முடிந்ததுமே யார் விழப்போகிறார்கள் என்று ஆசிரியர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. அப்போதே பெற்றோரை அழைத்துப் பக்குவமாகச் சொன்னால் பாதிப் பேரையாவது தூக்கிவிடலாம். ஃபீஸ் பாக்கிக்கு மட்டும் தவறாமல் வரும் குறுஞ்செய்தி, பிள்ளை தடுமாறும் வாரத்திலும் வரட்டும். அதுவும் மிரட்டலாக வேண்டாம். ‘உங்கள் மகனுக்கு கால்குலஸில் உதவி தேவைப்படுகிறது, சனிக்கிழமை வகுப்பு வைக்கிறோம்’ என்று வந்தால் போதும்.

ஏப்ரல், மே தேர்வுக்குப் பதிவு செய்யும்போதே அரியர் பேப்பர்களுக்கும் சேர்த்துக் கட்டணம் கட்ட வேண்டும். கடைசித் தேதியைக் கல்லூரி அறிவித்துவிடும். அதைத் தவறவிட்டால் அந்தப் பேப்பரை எழுத அடுத்த நவம்பர், டிசம்பர் வரை காத்திருக்க வேண்டும். உங்கள் பிள்ளை கேட்கட்டும் என்று இருக்காதீர்கள். ‘எத்தனை பேப்பருக்குக் கட்டணும், எவ்வளவு ஆகும், எந்தத் தேதிக்குள்ள?’ என்று நீங்களே இந்த வாரம் போன் போட்டுக் கேட்டு, பணத்தை அனுப்பிவிடுங்கள்.